மூன்று வாக்காளர்கள், ஏழு வேட்பாளர்கள்: பிரிட்டனின் அரசமைப்புச் சீர்திருத்தங்களை எப்படி எடைபோடுவது?

1997க்குப் பிறகு பிரிட்டனில் கொண்டுவரப்பட்ட அரசமைப்புச் சீர்திருத்தங்களை மொத்தத்தில் வெற்றி என்பதா, தோல்வி என்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகங்கள் இதற்கு வழக்கமாக ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஓரளவு வெற்றி’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். அது தவறல்ல, ஆனால் அதனால் ஒன்றும் விளங்காது. சில சீர்திருத்தங்கள் கால் நூற்றாண்டு கடந்தும் அசையாமல் நிற்பது ஏன், சில பதினோரு ஆண்டுகளிலேயே சட்டப் புத்தகத்திலிருந்து அழிக்கப்பட்டது ஏன், இன்னும் சில பாதி வழியிலேயே நின்றுபோனது ஏன் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகாரத்தைப் புதிதாக ஒரு தரப்பின் கையில் கொடுத்து, அதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று நிற்பதற்கு ஆட்களை உண்டாக்கிய சீர்திருத்தங்கள் பிழைத்துக்கொண்டன. ஆளுங்கட்சி தன் கையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்த சீர்திருத்தங்கள் ஒன்று நடக்கவே இல்லை, அல்லது நடந்தும் நிலைக்கவில்லை.

இதற்கு அடிப்படையான காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அதை மறந்துவிட்டுத்தான் பலரும் பேசுகிறார்கள். பிரிட்டனில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் கிடையாது. இந்தியாவில் அரசமைப்பைத் திருத்த 368ஆம் பிரிவின்படி சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்; 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் வகுக்கப்பட்ட அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு அந்தப் பெரும்பான்மைக்கும் ஓர் எல்லை போடுகிறது. அங்கே பழகிய கண்களோடு லண்டனைப் பார்த்தால் தடுமாற்றம் வரும். வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் நாய் வளர்ப்பு உரிமத்துக்கான சட்டமும் மனித உரிமைகளுக்கான சட்டமும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன, ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேற்றப்படவும் முடியும். ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும். ஆகவே அங்கே எந்தச் சீர்திருத்தத்தையும் மதிப்பிடும்போது, அதன் வாசகம் எவ்வளவு நேர்த்தியானது என்பதைவிட, நாளை யாராவது அதைக் கலைக்க வந்தால் யார் எழுந்து நிற்பார்கள் என்பதே பெரிய கேள்வி.

1997 மே மாதம் டோனி பிளேர் தலைமையில் லேபர் கட்சி 659 இடங்களில் 418ஐப் பிடித்து ஆட்சிக்கு வந்தபோது, அதன் கையில் ஒரு நீண்ட திட்டம் இருந்தது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி அவைகள், வட அயர்லாந்தில் சமாதானம், மனித உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையின் சீர்திருத்தம், தகவல் உரிமை, தேர்தல் முறை குறித்த பொது வாக்கெடுப்பு என்று அது விரிந்தது. இவற்றுள் முதலாவதுதான் மிக ஆழமாக வேர்விட்டது, ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1979 மார்ச்சில் இதே யோசனை ஒருமுறை மக்கள் முன் வைக்கப்பட்டுத் தோற்றிருந்தது. ஸ்காட்லாந்தில் வாக்களித்தவர்களுள் 51.6 விழுக்காட்டினர் பேரவை வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களுள் 40 விழுக்காட்டினரின் ஆதரவு தேவை என்ற நிபந்தனை குறுக்கே நின்றது. வேல்ஸிலோ ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1997 செப்டம்பர் 11 அன்று, ஸ்காட்லாந்தில் 74.3 விழுக்காட்டினர் ஆதரித்தனர். இடைப்பட்ட காலத்தில் ஸ்காட்லாந்து மக்கள் பெரும்பான்மையாக வாக்களிக்காத ஒரு கட்சி லண்டனிலிருந்து தொடர்ந்து ஆண்டதும், வாக்குவரி என்று பெயர் பெற்ற தலைவரியை இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்னதாகவே அங்கே விதித்ததும் அந்த மனமாற்றத்துக்குப் பெருங்காரணம்.

ஒரு வாரம் கழித்து வேல்ஸில் நடந்தது வேறு கதை. இரவெல்லாம் ‘வேண்டாம்’ தரப்பே முன்னிலையில் இருந்தது. விடியற்காலையில் கடைசியாக வந்த கார்மார்தன்ஷயர் மாவட்டத்தின் எண்ணிக்கை அதைப் புரட்டிப்போட்டது. முழு வேல்ஸிலும் வித்தியாசம் 6,721 வாக்குகள், 50.3 விழுக்காடு, வாக்களித்தவர்களே பாதிப் பேர்தான். இவ்வளவு மெலிந்த ஒப்புதலின்மேல் கட்டப்பட்ட ஒரு நிறுவனம் நிலைக்காது என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் அதை மறுப்பது கடினம். ஆனால் 2011 மார்ச்சில், அந்த அவைக்கு முழுமையான சட்டமியற்றும் அதிகாரம் கொடுக்கலாமா என்று கேட்டபோது 63.5 விழுக்காட்டினர் சம்மதித்தனர். 2020இல் அது செனெத் என்ற வேல்ஸ் நாடாளுமன்றமாகப் பெயர் பெற்றது. 2024இல் நிறைவேறிய சட்டம் அதன் உறுப்பினர் எண்ணிக்கையை 60இலிருந்து 96 ஆக உயர்த்தியது. நான் முதலில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அவை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு உறுப்பினர்கள், அமைச்சர்கள், அதிகாரிகள், அங்கே மனு கொடுக்கப் பழகிய மக்கள் என்று ஒரு சுற்றம் சேர்ந்துவிடுகிறது. வேல்ஸ் அவை மக்களின் ஆசையில் பிறக்கவில்லை, பழக்கத்தில் வளர்ந்தது.

கொள்கை அளவிலும் பலன் தெரிந்தது. பொது இடங்களில் புகைபிடிப்பதை ஸ்காட்லாந்து 2006 மார்ச்சில் தடைசெய்தது. இங்கிலாந்து 2007 ஜூலையில் பின்பற்றியது. கடைகளில் ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்குக் கட்டணம் என்பதை வேல்ஸ் 2011இல் தொடங்கியது. இங்கிலாந்துக்கு அது 2015இல்தான் வந்து சேர்ந்தது. உடலுறுப்புக் கொடைக்கு மறுப்புத் தெரிவிக்காதவர்கள் சம்மதித்தவர்களாகக் கொள்ளப்படுவார்கள் என்ற சட்டமும் வேல்ஸில் 2015இல் நடைமுறைக்கு வந்து, 2020இல் இங்கிலாந்தை எட்டியது. சிறிய நாடுகள் செய்து பார்ப்பதும் பெரிய நாடு பார்த்துச் செய்வதுமான இந்த ஏற்பாட்டைச் சீர்திருத்தவாதிகளே முன்கூட்டி இவ்வளவு தெளிவாகக் கண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஒரு சங்கடமான பக்கமும் உண்டு. லேபர் கட்சியின் ஜார்ஜ் ராபர்ட்சன் 1995இல், அதிகாரப் பகிர்வு ஸ்காட்லாந்தின் தேசியவாதத்தைக் கொன்றுவிடும் என்று கணித்தார். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை எளிதில் கிடைக்காதபடி கலப்புத் தேர்தல் முறையையும் அமைத்தார்கள். 2011இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 129இல் 69 இடங்களைப் பிடித்துத் தனித்தே ஆட்சியமைத்தது. 2014 செப்டம்பர் 18 அன்று விடுதலைக்கான பொது வாக்கெடுப்பு நடந்து, 84.6 விழுக்காட்டினர் வாக்களித்ததில் 44.7 விழுக்காட்டினர் பிரிந்துபோகலாம் என்றனர். இதைத் தோல்வி என்று சொல்பவர்கள், சீர்திருத்தத்தின் நோக்கம் ஐக்கியத்தைக் காப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மக்களுக்கு அருகில், அவர்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி என்பதே நோக்கம் என்றால், அந்த வாக்கெடுப்பே அதன் வெற்றிக்குச் சாட்சி. இரண்டு அளவுகோல்களும் நியாயமானவையே. ஆனால் எதை வைத்து அளக்கிறோம் என்று சொல்லிவிட்டு அளக்க வேண்டும்.

வட அயர்லாந்தைத் தனியாகத்தான் எடைபோட வேண்டும். 3,500க்கும் மேற்பட்டோர் மாண்ட ஒரு மோதலை முடித்துவைத்த 1998 ஏப்ரல் 10 உடன்படிக்கையை, அங்கே 71.1 விழுக்காட்டினரும் அயர்லாந்துக் குடியரசில் 94.4 விழுக்காட்டினரும் அங்கீகரித்தனர். முதலமைச்சரும் துணை முதலமைச்சரும், பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற இரு சமூகத் தரப்புகளிலிருந்தும் வர வேண்டும், ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியிழப்பார் என்பதே ஏற்பாட்டின் உயிர்நாடி. அதுவே அதன் நோயும் ஆனது. 2002 அக்டோபர் முதல் 2007 மே வரையும், 2017 ஜனவரி முதல் 2020 ஜனவரி வரையும், 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரையும் அங்கே ஆட்சியே நடக்கவில்லை. ஆயினும், வாழ்நாள் முழுவதும் ‘விட்டுத்தர மாட்டேன்’ என்று முழங்கிய பிரிட்டன் ஆதரவுத் தலைவர் இயன் பெய்ஸ்லியும், பிரிட்டனுக்கு எதிராக ஆயுதமேந்திய ஐஆர்ஏ இயக்கத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்த மார்ட்டின் மெக்கின்னஸும் 2007 மே மாதம் ஒரே அரசின் இரு தலைவர்களாகச் சிரித்துக்கொண்டு அமர்ந்த காட்சியைப் பார்த்த பிறகு, வட அயர்லாந்து அவை கூடும், ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஸ்டோர்மான்ட் கட்டடத்தை மட்டும் காட்டி அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு நிர்வாகம் என்ற முறையில் அது மோசம். போர் நிறுத்தம் என்ற முறையில் அது மகத்தான சாதனை.

அதிகாரப் பகிர்வின் உண்மையான ஓட்டைகள் இரண்டு. ஒன்று இங்கிலாந்து. ஸ்காட்லாந்தின் கல்வியில் தலையிட முடியாத ஆங்கிலேய உறுப்பினர் ஒருபுறமிருக்க, இங்கிலாந்தின் கல்வி குறித்து வாக்களிக்கும் ஸ்காட்லாந்து உறுப்பினரை என்ன செய்வது என்று லேபர் உறுப்பினர் டாம் டாலியல் 1977இலேயே கேட்டுவிட்டார்; அவருடைய தொகுதியின் பெயரால் அது மேற்கு லோதியன் கேள்வி என்று வழங்குகிறது. 2004 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டண உயர்வு 316க்கு 311 என்று ஐந்தே வாக்குகளில் தப்பியபோது, ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் இல்லாமல் அது நிறைவேறியிருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வடகிழக்கு இங்கிலாந்துக்கு ஒரு வட்டாரப் பேரவை வேண்டுமா என்று கேட்டார்கள். எதிர்ப்பாளர்கள் காற்றடைத்த ஒரு பெரிய வெள்ளை யானையை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், 77.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அந்தப் பேரவைக்குக் கொடுக்கவிருந்த அதிகாரம் அவ்வளவு சொற்பமானது என்பதால், யானை வேடம் அதற்குப் பொருந்தித்தான் இருந்தது. ஆங்கிலச் சட்டங்களுக்கு ஆங்கில வாக்குகள் என்று 2015இல் கொண்டுவந்த நடைமுறை 2021இல் அதிகம் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. அதைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது ஓட்டை இதைவிட ஆழமானது. பகிர்ந்து கொடுத்த அதிகாரத்துக்குள் வெஸ்ட்மின்ஸ்டர் அந்தந்த அவையின் சம்மதமில்லாமல் சட்டமியற்றாது என்பது சூவெல் மரபு. 2014க்குப் பிறகு அதற்கு வலுச்சேர்ப்பதாகச் சொல்லி, 2016ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அதை எழுதியே வைத்தார்கள். ஆனால் ‘வழக்கமாக’ என்ற ஒரு சொல்லையும் உள்ளே வைத்தார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம், சட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும் அது அரசியல் மரபே, நீதிமன்றம் அதை நிலைநாட்டாது என்று தீர்ப்பளித்தது. 2020இல் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் சம்மதம் மறுத்த பிறகும் நிறைவேறியது. மாளிகையின் சாவியைக் கொடுத்தவர்கள் இன்னொரு சாவியைத் தங்கள் மடியிலேயே வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஆயினும் கவனியுங்கள்: எந்த லண்டன் அரசும் அந்த அவைகளை ஒழிக்கத் துணியவில்லை. ஓரங்களைக் கத்தரிக்கலாம், வேரில் கைவைக்க முடியாது.

இனி நீதித்துறை. 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மனித உரிமைகள் சட்டம் ஒரு சாமர்த்தியமான சமரசம். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையோடு ஒரு சட்டம் முரண்படுகிறது என்று நீதிபதிகள் அறிவிக்கலாம். அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்ய மட்டும் முடியாது. 2004 டிசம்பரில் பெல்மார்ஷ் சிறைவாசிகளின் வழக்கு வந்தது. பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் வெளிநாட்டவர்களை மட்டும் விசாரணையின்றிக் காலவரையின்றி அடைத்துவைக்க 2001ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அதே சந்தேகத்துக்கு ஆளான பிரிட்டிஷ் குடிமகன் வெளியே இருக்க, வெளிநாட்டவன் மட்டும் உள்ளே இருப்பது பாகுபாடு என்று, அன்றைக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையின் ஒன்பது நீதிபதிகளுள் எட்டுப் பேர் சொன்னார்கள். தீர்ப்பு வந்த அன்று சிறைக்கதவு திறக்கவில்லை. சட்டம் சட்டமாகவே இருந்தது. ஆனால் அரசால் அதை மேலும் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. 2005 மார்ச்சில் அதன் இடத்தில் வேறொரு சட்டம் வந்தது. கைதிகளின் வாக்குரிமை விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. கைதிகள் அனைவருக்கும் வாக்குரிமை மறுப்பது தவறு என்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் சொன்னதை, கீழவையான பொதுமக்கள் அவை 2011 பிப்ரவரியில் 234க்கு 22 என்ற கணக்கில் புறக்கணித்தது. வெறுக்கப்படும் ஒரு கூட்டத்துக்காக எழுந்து நிற்க ஆளில்லாதபோது இந்தச் சட்டத்தின் பலம் எவ்வளவு என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன. எனினும் அதை ஒழித்துவிட்டு வேறொன்று வைப்பதாகக் கன்சர்வேடிவ் கட்சி பல தேர்தல்களில் வாக்குறுதி கொடுத்தும், 2022 ஜூனில் அதற்கென்று மசோதாவே கொண்டுவந்தும், ஓராண்டில் அதைத் தானே கைவிட்டது.

உச்ச நீதிமன்றம் பிறந்த கதையை யாரேனும் நகைச்சுவை நாடகமாக எழுதலாம். 2003 ஜூன் 12 அன்று அமைச்சரவை மாற்றத்தின் நடுவே, ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டாடப்படும் லார்ட் சான்சலர் பதவி ஒழிக்கப்படுவதாக ஒரு பத்திரிகைச் செய்தி வெளியானது. அமைச்சரவை உறுப்பினராகவும், பிரபுக்கள் அவையின் தலைவராகவும், நீதித்துறையின் தலைவராகவும் ஒரே ஆள் இருப்பது எந்த அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டுக்கும் ஒவ்வாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏராளமான சட்டங்களில் பெயர் சொல்லப்பட்டிருக்கும் ஒரு பதவியை அறிக்கை விட்டு ஒழிக்க முடியாது என்பதும், அவர் வந்து அமராவிட்டால் பிரபுக்கள் அவையே கூட முடியாது என்பதும் அறிவித்த பிறகுதான் தெரியவந்தது. புதிய அமைச்சர் ஃபால்கனர் பிரபு, ஒழிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்தப் பதவிக்குரிய அங்கியை அணிந்துகொண்டு, அவைத் தலைவருக்குரிய கம்பளி மூட்டை இருக்கையில் போய் உட்கார வேண்டியதாயிற்று. கடைசியில் 2005ஆம் ஆண்டின் அரசமைப்புச் சீர்திருத்தச் சட்டம் அந்தப் பதவியை ஒழிக்காமல் இளைக்க வைத்தது. நீதிபதி நியமனத்துக்குத் தனி ஆணையம் அமைத்தது. 2009 அக்டோபரில் நாடாளுமன்றச் சதுக்கத்தின் மறுபக்கத்தில், பழைய மிடில்செக்ஸ் கில்ட்ஹால் கட்டடத்தில், பன்னிரண்டு நீதிபதிப் பதவிகளோடு உச்ச நீதிமன்றம் திறந்தது. (1949 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் மேல்முறையீட்டுக்குப் போன பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவும் இன்று அதே கட்டடத்தில்தான் கூடுகிறது.)

இது வெறும் இடமாற்றமா என்று அப்போது பலர் கேட்டார்கள். அதே நீதிபதிகள், அதே அதிகாரம், சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு புதிய முகவரி. அதற்கான விடை பத்தாண்டுகள் கழித்து, 2019 செப்டம்பர் 24 அன்று கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்சிட் நெருக்கடியின் உச்சத்தில் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்கள் முடக்கிவைத்தது செல்லாது என்று பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி லேடி ஹேல் வாசித்த தீர்ப்பின்படி, அரச ஆணையாளர்கள் பிரபுக்கள் அவைக்குள் கொண்டுவந்த ஆணை வெற்றுத் தாளுக்குச் சமம். ஆகவே முடக்கம் நடக்கவே இல்லை. மறுநாள் உறுப்பினர்கள் திரும்பி வந்து அமர்ந்தார்கள். இந்தத் தீர்ப்பைச் சொல்லப் பிரபுக்கள் அவையின் குழு அறையில் அமர்ந்திருந்த பழைய சட்டப் பிரபுக்களுக்குத் துணிவு இருந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பெல்மார்ஷ் தீர்ப்பு அவர்களுடையதுதான். ஆனால் நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கை, நாடாளுமன்றத்தின் ஒரு குழுவாக இல்லாத நீதிமன்றம் தீர்த்தபோது அதற்கு வேறொரு எடை இருந்தது. எளிதாகக் கேலிசெய்யப்பட்ட இந்தச் சீர்திருத்தம்தான் என் கணக்கில் எதிர்பார்ப்பைவிட அதிகம் கொடுத்தது.

தகவல் சுதந்திரச் சட்டம் 2005 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நான்கே ஆண்டுகளில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசுப் பணத்தில் சொந்தச் செலவு செய்த கணக்கு விவகாரம் வெடித்தது. இடையில் 2007இல் நாடாளுமன்றத்துக்கே அந்தச் சட்டத்திலிருந்து விலக்களிக்கும் மசோதாவைப் பொதுமக்கள் அவை நிறைவேற்றியதும், பிரபுக்கள் அவையில் அதை முன்மொழிய ஓர் ஆள் கூடக் கிடைக்காததும் மறக்கக் கூடாத செய்தி. கடைசியில் கணக்குகள் முழுமையாக வெளிவந்தது சட்டத்தின் வழியாக அல்ல, 2009 மே மாதம் ஒரு நாளிதழுக்குக் கசிந்ததால்தான். அவை தானாக வெளியிட்ட பிரதிகளில் பல பகுதிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. அவைத் தலைவர் பதவி விலகினார். படிகளைத் தீர்மானிக்கும் அதிகாரம் உறுப்பினர்களிடமிருந்து தனி அமைப்புக்குப் போனது. பிளேர் பின்னாளில் தம் நினைவுக்குறிப்புகளில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததற்காகத் தம்மைத் தாமே முட்டாள் என்று திட்டிக்கொண்டார். ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இப்போது தோல்விகளுக்கு வருவோம். பிரபுக்கள் அவையில் பரம்பரை உரிமையால் அமர்ந்தவர்களை 1999ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றியது. 1,300க்கும் மேற்பட்டவர்கள் இருந்த அவை ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது. மசோதா தடையின்றி நிறைவேற வேண்டும் என்பதற்காக, 92 பேர் மட்டும் இடைக்கால ஏற்பாடாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். முழுச் சீர்திருத்தம் சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கை. 2003 பிப்ரவரியில் பொதுமக்கள் அவை, முழுத் தேர்தல் முதல் முழு நியமனம் வரை ஏழு விதமான யோசனைகளை வாக்குக்கு விட்டு ஏழையும் நிராகரித்தது. 2012 ஜூலையில் கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசின் மசோதா இரண்டாம் வாசிப்பில் 462க்கு 124 என்று ஜெயித்தும், 91 கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்ததால் கைவிடப்பட்டது. இடைக்கால ஏற்பாட்டை முடிப்பதற்கான மசோதா 2024 செப்டம்பரில்தான் வந்தது. கால் நூற்றாண்டு இடைக்காலம்!

அந்த இடைக்காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே காட்சி போதும். 92 பேரில் ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்கு இடைத்தேர்தல் நடந்துவந்தது. லிபரல் டெமாக்ரட் கட்சிக்குரிய காலியிடம் ஒன்றுக்கு 2016 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளர்கள் ஏழு பேர். வாக்காளர்கள், அந்தக் கட்சியில் எஞ்சியிருந்த பரம்பரைப் பிரபுக்கள் மூன்று பேர். வாக்குப்பதிவு நூறு விழுக்காடு. மூன்று வாக்கும் வைகவுண்ட் தர்சோவுக்கே விழுந்தது. அவர் 1999இல் பரம்பரைப் பிரபுவாக வெளியேற்றப்பட்டு, பிறகு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொதுமக்கள் அவையில் பதினான்கு ஆண்டுகள் இருந்து, 2015இல் மக்களிடம் தோற்றவர். வேடிக்கையின் உச்சம், அந்த இடைத்தேர்தல், வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களிக்கும் மாற்று வாக்கு முறையில் நடந்தது. அதாவது 2011 மே மாதம் பொது வாக்கெடுப்பில் 67.9 விழுக்காட்டினர் தங்களுக்கு வேண்டாம் என்று தள்ளிய அதே முறை.

ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரம்பரைக் கூட்டம் குறைந்ததால் பிரபுக்கள் அவைக்குக் கூச்சமும் குறைந்தது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத அந்த அவை அரசை அடிக்கடி தோற்கடித்தது. 2015 அக்டோபரில் வரிச் சலுகைத் தொகைகளைக் குறைக்கும் திட்டத்தைத் தாமதப்படுத்தி, நிதியமைச்சர் அதைக் கைவிடும்படி செய்தது. அரைகுறைச் சீர்திருத்தம் அந்த அவையைப் பலப்படுத்தியது என்பது யாரும் திட்டமிடாத விளைவு. மறுபுறம் பிரதமர் எத்தனை பேரை வேண்டுமானாலும் உள்ளே அனுப்பலாம் என்ற நிலை தொடர்ந்தது. நியமன ஆணையத்தின் பேச்சைக் கேட்பதும் கேளாததும் அவர் விருப்பம். 2020 டிசம்பரில் ஜான்சன் கேளாமல் ஒருவரைப் பிரபுவாக்கினார்.

நிரந்தரமாகத் தோற்றதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் 2011ஆம் ஆண்டின் நிலையான காலவரை நாடாளுமன்றச் சட்டத்தைப் பாருங்கள். தேர்தல் தேதியைத் தனக்கு வசதியாகத் தேர்ந்தெடுக்கும் பிரதமரின் ஆயுதத்தைப் பறிப்பது என்று அதற்கு உயர்ந்த காரணம் சொல்லப்பட்டது. கூட்டணியின் சிறிய கட்சியை நடுவழியில் இறக்கிவிடாமல் இருக்கப் போட்ட பூட்டு என்பதே உண்மைக் காரணம். முன்கூட்டித் தேர்தல் வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். 2017இல் பிரதமர் தெரசா மே கேட்டபோது, தேர்தலைக் கண்டு பயப்படுவதாகக் காட்டிக்கொள்ள எந்த எதிர்க்கட்சிக்கும் மனமில்லாததால் 522க்கு 13 என்று பூட்டு திறந்துகொண்டது. 2019 ஜனவரியில் அதே தெரசா மே, தம் ஆட்சியின் மையமான பிரெக்சிட் ஒப்பந்தத்தை 432க்கு 202 என்று வரலாறு காணாத வித்தியாசத்தில் இழந்தார். மறுநாள் நம்பிக்கை வாக்கெடுப்பில் 325க்கு 306 என்று பிழைத்தார். ஆளவும் முடியாமல் விலகவும் முடியாமல் ஓர் அரசு நின்றது. அக்டோபரில், மூன்று முறை மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காத ஜான்சன், சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு குறுஞ்சட்டம் போட்டு அந்தப் பூட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். சிறப்புப் பெரும்பான்மையைச் சாதாரணச் சட்டத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அது செய்முறை விளக்கம். 2022 மார்ச்சில் சட்டமே நீக்கப்பட்டது. பழைய நிலை திரும்பியதோடு நிற்கவில்லை. கலைப்பது குறித்து எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்ற பிரிவையும் சேர்த்துக்கொண்டார்கள். சீர்திருத்தத்துக்கு முன்பிருந்ததைவிடப் பிரதமரின் பிடி இப்போது இறுக்கம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சிகளில் ஒன்றே அதைப் புதைத்தது. கண்ணீர் விட யாரும் இல்லை.

தேர்தல் முறையைப் பொறுத்தவரை, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, லண்டன் எல்லாவற்றிலும் வேறு முறைகளைக் கொண்டுவந்தவர்கள், தங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மட்டும் தொடவில்லை. ஜென்கின்ஸ் பிரபுவின் ஆணையம் 1998இல் கொடுத்த பரிந்துரை, வாக்குறுதி தரப்பட்ட பொது வாக்கெடுப்புக்குக்கூடப் போகவில்லை. 418 இடங்களைக் கொடுத்த ஏணியை அதில் ஏறியவர்களே எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்ததுதான் பிழை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான், ‘ஓரளவு வெற்றி’ என்ற பதில் போதாது என்றேன். சராசரி எடுக்கக் கூடிய விஷயமல்ல இது. எடின்பரோவிலும் கார்டிஃபிலும் பெல்ஃபாஸ்டிலும் மிடில்செக்ஸ் கில்ட்ஹாலிலும் அந்தச் சீர்திருத்தங்கள் நாட்டின் அமைப்பையே மாற்றிவிட்டன. வெஸ்ட்மின்ஸ்டரின் இரு அவைகளுக்குள் 1997க்கு முன் இருந்த ஒருவர் இன்று திரும்பி வந்தால் வழி கேட்காமல் நடந்துபோகலாம். தேர்வுக்காக எழுதுகிறீர்கள் என்றால் இந்த வேறுபாட்டை முன்வைத்து எழுதுங்கள். 2024 ஜூலைத் தேர்தலில் லேபர் கட்சி 33.7 விழுக்காடு வாக்குகளுக்கு ஏறத்தாழ 63 விழுக்காடு இடங்களைப் பெற்றது. ரிஃபார்ம் கட்சி 14.3 விழுக்காடு வாக்குகளுக்கு ஐந்து இடங்களைப் பெற்றது. விகிதாசார முறை வேண்டும் என்று அந்த லேபர் கட்சியின் மாநாடே 2022இல் தீர்மானம் போட்டிருந்தது. தேர்தல் அறிக்கையில் அது இடம்பெறவில்லை.